டாக்டரம்மா பதில்கள்: போருக்கு நடுவுல பிரசவம்

போன இதழ்ல சூடான் பத்தி ஒரு சின்ன பாரா எழுதியிருந்தேன். 2025 அக்டோபர் கடைசியில எல் ஃபாஷர் ஊரை, ராணுவத்தோட சண்டை போட்டுட்டு இருந்த ஆர்.எஸ்.எஃப்.ங்கிற துணை ராணுவப் படை பிடிச்சப்ப, அங்க இருந்த சவுதி பிரசவ ஆஸ்பத்திரியில நோயாளிங்க, கூட இருந்தவங்கன்னு 460 பேருக்கு மேல கொல்லப்பட்டதா உலக சுகாதார நிறுவனம் சொன்ன செய்தி அது. அதுக்கப்புறம் வந்த மெயில்ல பாதி இதைப் பத்திதான். சர்க்கரை, தைராய்டுன்னு கேட்டவங்க கோச்சுக்காதீங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல இடம் போட்டாச்சு.

டாக்டரம்மா, எங்க பாட்டி ஒன்பது பேரை வீட்லயே பெத்தாங்க, ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சதில்ல. போர்ல குண்டு பட்டு சாவுறது புரியுது. ஆஸ்பத்திரி இல்லாததால தாய்மார் சாவுறாங்கன்னு நீங்க எழுதுறது கொஞ்சம் ஓவரா தெரியலையா?
– சேலம் வாசகர்

உங்க பாட்டி பொழைச்சாங்க, அதனால அவங்க கதை உங்க வீட்ல இருக்கு. தலைப்பிரசவத்துலயே போய்ச் சேர்ந்த பாட்டிங்களுக்கு மெயில் போட பேரன் இல்லையே சார்.

நூறு கர்ப்பிணிகள்ல சுமார் 15 பேருக்கு உயிருக்கே ஆபத்தான சிக்கல் வரும்ங்கிறது பொதுவா எல்லாரும் எடுத்துக்குற கணக்கு. யாருக்கு வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, அதான் பிரச்சனையே. நல்லா சாப்பிட்டு, நல்லா நடந்து, எல்லா செக்கப்பும் முடிச்ச பொண்ணுக்கும் குழந்தை வெளிய வந்த பத்தாவது நிமிஷம் குழாய் திறந்த மாதிரி ரத்தம் கொட்டும், நான் பாத்திருக்கேன். அப்படிக் கொட்ட ஆரம்பிச்சு ஒண்ணுமே செய்யாம விட்டா உயிர் போக சராசரியா 2 மணி நேரம். கர்ப்பப்பை கிழிஞ்சா ஒரு நாள். கர்ப்பகால வலிப்பு, நம்ம ஊர்ல ஜன்னின்னு சொல்வாங்களே, அதுக்கு ரெண்டு நாள். குழந்தை குறுக்க மாட்டிக்கிட்டா மூணு நாள், சீழ் பிடிச்சு ஜுரம்னா ஆறு நாள். எங்க பாடத்துல இந்த மணிக்கணக்கை மனப்பாடமே பண்ண வைப்பாங்க.

இப்ப இந்தக் கணக்கை போர் நடக்குற ஊருக்குக் கொண்டு போங்க. ராத்திரி ஊரடங்கு, வெளிய வந்தா சுடுவான், அதனால விடியட்டும்னு மாமியார் சொல்றாங்க, விடிஞ்சா வண்டிக்கு டீசல் இல்ல, டீசல் கிடைச்சா வழியில நாலு செக்போஸ்ட், ஒவ்வொண்ணுலயும் எறங்கு, ஐடி காட்டு, வயித்துல நிஜமா புள்ளதானா துணி சுத்தியிருக்கியான்னு தொட்டுப் பாக்குறான், எல்லாம் தாண்டிப் போனா ஆஸ்பத்திரியில டாக்டர் நாட்டை விட்டே போயிட்டார். கிளம்ப முடிவெடுக்குறதுல ஒரு தாமதம், வழியில ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குள்ள ஒண்ணுன்னு மூணு தாமதம் பத்தி 1994லயே எழுதி வச்சிருக்காங்க. போர் மூணையும் ஒரே நேரத்துல இழுத்து விடும். ரெண்டு மணி நேரம்தான் கையில இருக்குன்னா இதுல எங்க போய் நேரத்தைத் தேடுறது?

ஆப்கானிஸ்தான்ல பதக்‌ஷான் மாகாணத்துல ராக்னு ஒரு மலை மாவட்டம். இருபது வருஷத்துக்கு மேல போர்ல கிடந்த நாடு, ரோடே கிடையாது. அங்க 2002ல எடுத்த ஒரு கணக்குல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 6,507 தாய்மார் இறந்துட்டிருந்தாங்க, அதாவது நூறு பிரசவம் நடந்தா ஆறு அம்மாவுக்கு மேல காலி. அதே கணக்குல காபூல் நகரத்துக்கு 418. ரெண்டும் ஒரே நாடு, ஒரே போர். வித்தியாசம் என்னன்னா காபூல்ல கைக்கெட்டுற தூரத்துல ஏதோ ஒரு ஆஸ்பத்திரியாவது இருந்துச்சு. உலக அளவுல பாத்தா, 2023ல போர் நடக்குற நாடுகளும் நிர்வாகம் ஆட்டம் கண்ட நாடுகளும் சேர்ந்து உலகத்துல நடந்த பிரசவத்துல கால்வாசிதான், ஆனா தாய் மரணத்துல நூத்துக்கு 61 அங்கதான். ஓவரா தெரியலையான்னு கேட்டீங்க. தெரியல சார்.

ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாதுன்னு சட்டமே இல்லையா மேடம்? இருந்தா யாரும் ஏன் கேக்க மாட்டேங்கிறாங்க?
– நாகர்கோவில் வாசகி

சட்டம் இருக்கும்மா, நல்லாவே எழுதியிருக்காங்க. 1949ல போட்ட நாலாவது ஜெனிவா ஒப்பந்தம். 16வது பிரிவுல கர்ப்பிணிகளுக்குத் தனிப் பாதுகாப்பு, 17ல முற்றுகையில மாட்டின ஊர்லேர்ந்து பிரசவப் பெண்களை வெளிய அனுப்ப ரெண்டு தரப்பும் பேசி வழி பண்ணணும்னு இருக்கு, 18ல பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரியை எந்த சூழ்நிலையிலும் தாக்கக் கூடாது, 23ல கர்ப்பிணிகளுக்குப் போற அத்தியாவசிய சாப்பாடு, துணியை மறிக்கக் கூடாது. அந்த லிஸ்ட்ல டானிக் கூட இருக்கு, படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு, எழுதினவங்கள்ல ஒரு அம்மா இருந்திருக்கணும். 2016 மே மாசம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் ஆஸ்பத்திரிங்களையும் மருத்துவ ஊழியர்களையும் தாக்குறதைக் கண்டிச்சு 2286னு ஒரு தீர்மானம் வேற போட்டுச்சு.

ஓட்டை 19வது பிரிவுல இருக்கு. ஆஸ்பத்திரியை வச்சு எதிரிக்குக் கெடுதல் பண்ணினா பாதுகாப்பு போயிடும், அதுவும் முன்னாடியே எச்சரிக்கை குடுத்து டைம் குடுக்கணும்னு சேர்த்தேதான் எழுதியிருக்கு. ஆனா தாக்குறவன் முதல் பாதியை மட்டும்தான் ஞாபகம் வச்சிருப்பான். 2022 மார்ச் 9 உக்ரைன்ல மரியுபோல் பிரசவ ஆஸ்பத்திரி மேல குண்டு விழுந்துச்சு, இடுப்புல காயத்தோட ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போன கர்ப்பிணி போட்டோ உலகம் பூரா ஓடுச்சு, அந்தப் பொண்ணும் பொழைக்கல குழந்தையும் பொழைக்கல. உள்ள எதிரிப்படை இருந்துச்சுன்னு ரஷ்யா சொல்லுச்சு.

காபூல்ல நடந்ததுக்கு அந்த சாக்கு கூட யாரும் சொல்லல. நகரத்துக்கு மேற்கால தஷ்த்-இ-பர்ச்சி, ஹசாரா மக்கள் நெரிசலா இருக்குற ஏழைப் பகுதி. அங்க அரசு ஆஸ்பத்திரிக்குள்ள பிரசவ வார்டை எம்.எஸ்.எஃப்., அதான் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திட்டு இருந்தாங்க. 2019ல மட்டும் கிட்டத்தட்ட 16,000 பிரசவம், ஒரு நாளைக்கு நாப்பதுக்கு மேல. 2020 மே 12 காலையில துப்பாக்கியோட வந்தவங்க வழியில இருந்த மத்த வார்டை விட்டுட்டு நேரா பிரசவ வார்டுக்குப் போய் கட்டில் கட்டிலா சுட்டாங்க. 24 பேர் செத்தாங்க, அதுல 16 பேர் அம்மாமார், ஒரு மிட்வைஃபும் உண்டு. தலிபான் நாங்க இல்லன்னுட்டாங்க, அமெரிக்கா ஐ.எஸ். மேல சொல்லுச்சு, பொறுப்புன்னு யாரும் ஏத்துக்கல.

வெளிய சுட்டுட்டு இருக்குறப்பவே உள்ள பூட்டின சேஃப் ரூம்ல ஒரு பொண்ணுக்கு வலி முத்திடுச்சு. கூட ஒளிஞ்சிருந்த மிட்வைஃப் கிட்ட கத்தரியும் இல்ல கிளிப்பும் இல்ல, டாய்லெட் பேப்பரும் தலையில போட்டிருந்த துணியும்தான். தொப்புள்கொடியைக் கையாலயே பிரிச்சு, குழந்தையைத் துப்பட்டாவுல சுத்தி வச்சாங்க. தாயும் புள்ளையும் தப்பிச்சுட்டாங்க.

அடுத்த மாசம் எம்.எஸ்.எஃப். அந்த வார்டை விட்டு வெளியேறிடுச்சு, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனா அந்த நாப்பது பிரசவம் மறுநாளும் நடக்கத்தானே செய்யும்? தாக்குதல்ல செத்தவங்க பேர் பேப்பர்ல வரும், ஆஸ்பத்திரி மூடினதால அடுத்த வருஷம் வீட்ல ரத்தம் போய் சாவுறவங்க பேர் எந்தப் பேப்பர்லயும் வராது.

யாரும் ஏன் கேக்கலைன்னா, கேக்க வேண்டிய கவுன்சில்ல வீட்டோ வச்சிருக்கவங்களும் அவங்க கூட்டாளிங்களும்தான் பாதிப் போர்ல இருக்காங்க. இதுக்கு மேல அரசியல் எழுதினா ஆசிரியர் வெட்டிடுவார்.

போர் நடக்குற ஊர்ல எதுக்கு மேடம் புள்ளை பெத்துக்கணும்? கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமே.
– சென்னை வாசகர்

கர்ப்பம் ஒன்பது மாசம் தம்பி, போர் ஒரே ராத்திரியில வரும். 2023 அக்டோபர்ல காஸாவுல போர் ஆரம்பிச்சப்ப அங்க ஏற்கெனவே மாசமா இருந்தவங்க சுமார் 50,000 பேர், அடுத்த ஒரு மாசத்துக்குள்ள பிரசவம் ஆக வேண்டியவங்களே 5,000க்கு மேல. அப்புறம் தள்ளிப் போடணும்னா மாத்திரை வேணும், ஊசி வேணும், காண்டம் வேணும், சப்ளை நின்னா முதல்ல காலியாகுற அலமாரி அதுதான். எத்தியோப்பியாவோட டிக்ரே, கிழக்கு காங்கோ, சூடான்ல பலாத்காரத்தையே ஆயுதமா பயன்படுத்தினாங்க, அங்க போய் யாருகிட்ட தள்ளிப் போடச் சொல்வீங்க?

வணக்கம் டொக்டர். நான் 2009 மாசி மாசம் மாத்தளன் பக்கம் பிறந்தனானாம், பங்கருக்குள்ளதான் எண்டு அம்மம்மா சொல்லுவா. அம்மா அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டா. அப்ப அங்க டொக்டர்மார் இருந்தவையோ? நான் நிறை குறைஞ்சு பிறந்தபடியா பிறகு எனக்கு ஏதும் வருத்தம் வருமோ?
– ஒரு தங்கை, டொரொண்டோ

இலங்கைப் போரோட கடைசி மாசங்கள்லயும் வன்னியில டாக்டருங்க இருந்தாங்கம்மா. அரசாங்க சம்பளத்துல இருந்த டாக்டருங்க, நர்ஸுங்க, மருத்துவிச்சிங்க கொஞ்சம் பேர் கடைசி வரைக்கும் அங்கயேதான் இருந்தாங்க. ஆஸ்பத்திரிதான் ஒரு இடத்துல நிக்கல. கிளிநொச்சி ஆஸ்பத்திரி தர்மபுரம், விசுவமடுன்னு நகர்ந்து, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மேல பிப்ரவரி ஆரம்பத்துல திரும்பத் திரும்ப ஷெல் விழுந்து, அங்கேர்ந்து புதுமாத்தளன்ல ஒரு பள்ளிக்கூடத்துக்கு வந்து, கடைசியில முள்ளிவாய்க்கால். நீங்க பிறந்தது இந்தப் புதுமாத்தளன் கட்டத்துலன்னு நினைக்கிறேன். வன்னியில இருந்த ஆஸ்பத்திரிங்க கிட்டத்தட்ட எல்லாமே ஷெல் அடி வாங்குச்சு, ஆபரேஷன் சாமான் உட்பட மருந்து உள்ள போக விடாம அரசு தடுத்துச்சுன்னு 2011ல ஐ.நா. நிபுணர் குழு எழுதியே வச்சிருக்கு. மயக்க மருந்து, ரத்தப் பை ரெண்டும் இல்லாத இடத்துல சிசேரியன் பண்றதுன்னா என்னன்னு நான் விவரிக்கப் போறதில்ல. செஞ்சிலுவைச் சங்கம் பிப்ரவரி 10லேர்ந்து மே 9 வரைக்கும் கடல் வழியா கப்பல்ல திருகோணமலைப் பக்கம் ஏத்திட்டுப் போனது காயம்பட்டவங்க, நோயாளிங்க, துணைக்கு வந்தவங்கன்னு கிட்டத்தட்ட 14,000 பேர். கரையிலேர்ந்து சின்ன வள்ளத்துல போய்த்தான் கப்பல் ஏறணும்.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்தக் காலத்துலயே இலங்கையில நூத்துக்கு 95க்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான்னு அரசாங்க சர்வே சொல்லும், மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து கர்ப்பிணியைப் பாக்குற ஏற்பாட்டுக்கு உலகமே அந்த நாட்டைப் பாராட்டும். நியாயமான பாராட்டுதான். ஆனா 2006-07ல எடுத்த அந்த சர்வேயில வட மாகாணத்தைச் சேர்க்கவே இல்ல. உங்க அம்மா மாதிரிப் பொண்ணுங்க அந்த சதவீதத்துக்கு வெளிய இருந்தவங்க.

உங்க உடம்பு விஷயம். 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன்காரங்க வழியை அடைச்சதால நெதர்லாந்துல பஞ்சம் வந்துச்சு, அப்ப வயித்துல இருந்த குழந்தைங்களை வயசாகுற வரைக்கும் பின்தொடர்ந்து பாத்தாங்க. அவங்கள்ல சர்க்கரை, இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு. கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான், தலையெழுத்துன்னு எடுத்துக்காதீங்க. ஃபேமிலி டாக்டர்கிட்ட நிறை குறைஞ்சு பிறந்ததை சொல்லி ஃபைல்ல எழுதச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை பி.பி., சுகர் பாருங்க, பின்னாடி நீங்க மாசமாகுறப்ப இதை மறக்காம சொல்லுங்க.

அம்மாவைக் கதை கேட்டு நச்சரிக்க வேண்டாம். ஆனா ஒண்ணு மட்டும் தனியா இருக்குறப்ப கேளுங்க, இருமினா தும்மினா மூத்திரம் கசியுதா, கீழ ஏதாவது எறங்கின மாதிரி இருக்கா. அந்த மாதிரிப் பிரசவத்துல தையல் போடாம விட்ட கிழிசல், கர்ப்பப்பை எறக்கம் எல்லாம் இருக்கலாம், பதினஞ்சு பதினாறு வருஷமா யாருகிட்டயும் சொல்லாம பேட் வச்சு சமாளிக்கிற அம்மாமார் ஏராளம். சரி பண்ணக்கூடிய விஷயம் அது.

ஆப்கானிஸ்தான்ல பொண்ணுங்க நர்ஸிங் கூடப் படிக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்களாமே? ஆம்பளை டாக்டர் தொடக் கூடாது, பொம்பளை படிக்கக் கூடாது. கணக்கு எப்படி மேடம் ஒத்து வருது?
– கோயம்புத்தூர் வாசகி

ஒத்து வரல, அவ்வளவுதான்.

இந்த விஷயத்துல எனக்கு வயித்தெரிச்சல் ஜாஸ்தி, ஏன்னா அவங்க சாதிச்சுக் காட்டினவங்க. தலிபானோட முதல் ஆட்சி விழுந்ததும் 2002ல எண்ணிப் பாத்தப்ப நாடு முழுக்க பயிற்சி எடுத்த மிட்வைஃப் 467 பேர்தான். வெளியூர் நர்ஸை அனுப்பினா மலைக்கிராமத்துல தங்க மாட்டாங்க, தங்கினாலும் ஜனங்க நம்ப மாட்டாங்க. அதனால கிராமத்தையே ஒரு பொண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. வீட்டு ஆம்பளைங்ககிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் சம்மதம் வாங்கி, ஒண்ணரை வருஷம் ஹாஸ்டல்ல வச்சு (கைக்குழந்தையோட வந்தவங்களும் உண்டு) சொல்லிக் குடுத்து, திரும்ப அதே ஊர்ல வேலை பாக்கணும்னு ஒப்பந்தம். பத்து வருஷத்துல சில ஆயிரம் பேர் ஆயிட்டாங்க. இருபது வருஷத்துல தாய் மரண விகிதம் பாதிக்கும் கீழ எறங்குச்சு. அந்த இருபது வருஷமும் அங்க போர் நடந்துட்டேதான் இருந்துச்சு, அதைக் கவனிங்க. போர் நிக்கட்டும் அப்புறம் பாப்போம்னு யாரும் காத்திருக்கல. மிட்வைஃப் அதே தெருவுல இருந்தா செக்போஸ்ட் தாண்ட வேண்டியதில்ல, அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஒரு ஊசி போட ஆள் இருக்கும். போருக்கு நடுவுல தாய்மாரைக் காப்பாத்த ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு இருக்குன்னு என்கிட்ட சொன்னா நான் இதுலதான் போடுவேன், பெரிய ஆஸ்பத்திரியில போட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரி மேல குண்டு போட்டா எல்லாம் போச்சு, ஊருக்கு ஒருத்தியா இருக்குற மிட்வைஃபை அப்படி மொத்தமா அழிக்க முடியாது.

அழிக்க ஒரே வழி புதுசா யாரும் படிக்காம பண்றது, அதைத்தான் இப்ப பண்றாங்க. 2022 டிசம்பர்ல யுனிவர்சிட்டி மூடினாங்க, அப்ப கூட நர்ஸிங், மிட்வைஃப் கோர்ஸுக்கு சில இன்ஸ்டிட்யூட்ல கதவு திறந்திருந்துச்சு. 2024 டிசம்பர்ல அதையும் சாத்திட்டாங்க. பல இடத்துல வெளிய போகவே கூட ஒரு ஆம்பளை உறவு, மஹ்ரம்னு சொல்வாங்க, வேணும். புருஷன் ஈரானுக்கு வேலைக்குப் போயிருந்தா ராத்திரி வலி எடுத்த பொண்ணு என்ன பண்ணுவா? 2025ல அமெரிக்கா காசை நிறுத்தினதுல கிளினிக் வேற வரிசையா மூடிட்டு வந்துச்சு. துப்பாக்கிச் சத்தம் குறைஞ்சிடுச்சு, பிரசவத்துக்கு ஆள் இல்லாதது மட்டும் பழையபடி.

மேம், நான் பி.எஸ்சி. நர்ஸிங் ஃபைனல் இயர். கரன்ட் இல்லாம, ஃப்ரிட்ஜ் இல்லாம அங்கெல்லாம் டெலிவரி எப்படிப் பாக்குறாங்க? எனக்கும் அந்த மாதிரி இடத்துல வேலை செய்ய ஆசை.
– மதுரை மாணவி

நல்ல கேள்வி. பெரிய மெஷின் எதையும் யோசிக்காத. அவசர காலத்துக்குன்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட ஒரு குறைந்தபட்ச பேக்கேஜ் இருக்கு, பிரச்சனை ஆரம்பிச்ச 48 மணி நேரத்துக்குள்ள செய்ய ஆரம்பிக்கணும். ஆஸ்பத்திரிக்கு வரவே முடியாத கர்ப்பிணி கையில ஒரு சின்ன பொட்டலம் குடுப்பாங்க, சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, கொடி கட்ட நூல், கிளவுஸ். பாக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், டெட்டனஸும் சீழும் வராம தடுக்குறது அதுதான்.

ரத்தப்போக்குக்கு நீ படிச்ச ஆக்ஸிடாசின் தான் முதல் மருந்து, ஆனா அதை 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லாத ஊர்ல, வெயில்ல ரொம்ப நாள் கிடந்தா ஆக்ஸிடாசினோட வீரியம் குறைஞ்சு போகும், போட்டவங்களுக்கும் தெரியாது. அதனால வெயில் தாங்குற கார்பெடோசின் வந்திருக்கு, ரத்தப்போக்கு வராம தடுக்குறதுல அது ஆக்ஸிடாசினுக்குக் குறைஞ்சதில்லன்னு 2018ல பெரிய ட்ரையல் பண்ணிக் காட்டினாங்க. மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கும் ஃப்ரிட்ஜ் வேண்டாம் (வீட்ல யாரும் தானா வாங்கிப் போடுற மாத்திரை இல்ல அது, மத்த வாசகர்களுக்காக சொல்றேன்). ரத்தக்கட்டு கரையாம பாத்துக்குற ட்ரானெக்ஸாமிக் ஆசிட் குடுத்தா பிரசவம் ஆன மூணு மணி நேரத்துக்குள்ள குடுக்கணும், லேட்டானா பிரயோஜனம் இல்ல. ஜன்னிக்கு மெக்னீசியம் சல்பேட், விலை கம்மி, எங்கயும் தாங்கும். ரத்த வங்கி இல்லாத இடத்துல ஊர்க்காரங்களோட குரூப்பை முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டு தேவைப்படுறப்ப கூப்பிட்டு எடுத்து, டெஸ்ட் பண்ணி சூடாவே ஏத்துவாங்க.

இன்குபேட்டர்தான் கஷ்டம். 2023 நவம்பர்ல காஸா அல்-ஷிஃபா ஆஸ்பத்திரியில கரன்ட் போய் குறைமாசக் குழந்தைங்களை வெளிய எடுத்து ஒரே கட்டில்ல வரிசையா ஒட்டி ஒட்டிப் படுக்க வச்சாங்க, சில குழந்தைங்க செத்துப் போச்சு, மிச்சம் இருந்த 31 குழந்தைங்களை நவம்பர் 19ல வெளிய கொண்டு வந்தாங்க. அம்மா நெஞ்சோட தோலோட தோலா கட்டி வைக்கிற கங்காரு முறை கொலம்பியாவுல 1970கள் கடைசியில இன்குபேட்டர் பத்தாம கண்டுபிடிச்சதுதான். ஆனா அதுக்கு அம்மா உயிரோட பக்கத்துல இருக்கணும்.

உனக்கு நான் சொல்றது, லேபர் ரூம் போஸ்டிங்ல சும்மா நின்னு லாக்புக் கையெழுத்து வாங்காத. கர்ப்பப்பையை ரெண்டு கையால அமுக்கி ரத்தத்தை நிறுத்துற முறை, நஞ்சுக்கொடி ஒட்டிக்கிட்டா கையால எடுக்குறது, வேக்யூம் வச்சு குழந்தையை எடுக்குறது, மூச்சு விடாத குழந்தைக்கு பையும் மாஸ்க்கும், இந்த நாலும் பொம்மையில நூறு தடவை பண்ணு. அரபி இல்ல ஃப்ரெஞ்ச் கொஞ்சம் கத்துக்கோ. எம்.எஸ்.எஃப். மாதிரி இடத்துல பொதுவா ரெண்டு வருஷமாவது வேலை அனுபவம் கேப்பாங்க, அதனால முதல்ல டெலிவரி நிறைய நடக்குற ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில சேர்ந்து நைட் டியூட்டி பாரு. வீட்ல சம்மதம் வாங்குறது எப்படின்னு மட்டும் என்கிட்ட கேக்காத, அதுக்கு இந்த இதழ்லயே குடும்பப் பக்கம் பாக்குறவர் இருக்கார்.